அட்டைச் சுவர் ஆடினால் என்ன? பழைய விண்வெளித் தொடர்கள் பற்றி

கேள்வி, 8 ஜூன் (தென்காசியிலிருந்து ஒரு வாசகர்)

பழைய விண்வெளித் தொடர்களை இன்றைக்கு யாராவது முழுதாக உட்கார்ந்து பார்க்க முடியுமா? முதல் ஸ்டார் ட்ரெக்கைப் போட்டுப் பார்த்தேன். சுவர் அட்டை, பாறை தெர்மோகோல், சண்டை வந்தால் எல்லோரும் நாற்காலியிலிருந்து தானாகச் சாய்கிறார்கள். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு அந்த நாள் ஏக்கம் இருக்கும், அதைத்தான் தரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து. மறுப்பு உண்டா?

8 ஜூன், இரவு

மறுப்பு உண்டு. ஸ்டார் ட்ரெக்கை ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் பார்த்தவன்தான் நான். ஆனால் பிளேக்ஸ் செவன், ஸ்பேஸ் 1999, பாபிலான் 5 மூன்றையும் நாற்பது வயது தாண்டித்தான் பார்த்தேன். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் முதன்முறை பார்த்த தொடர் மீது எனக்குப் பால்ய கால ஏக்கம் எங்கிருந்து வரும்? அவற்றில் சில மணி நேரங்கள் இன்றைக்கு வருகிற எதைவிடவும் என்னை இழுத்துப் பிடித்தன. காரணம் வேறு.

நீங்கள் எந்த அத்தியாயத்தைப் பாதியில் நிறுத்தினீர்கள் என்று சொல்லவில்லை. அதை விடுங்கள். "கலிலியோ செவன்" என்று ஒன்று இருக்கிறது, 1967 ஜனவரியில் ஒளிபரப்பானது. அதை மட்டும் பாருங்கள். ஏழு பேர் ஒரு சின்ன ஓடத்தில் தெரியாத கிரகத்தில் விழுகிறார்கள். தலைமை, உணர்ச்சியை ஒதுக்கித் தர்க்கத்தையே நம்பும் அதிகாரி ஸ்பாக்கிடம். எரிபொருள் கசிந்து போய்விட்டது. வெளியே ஈட்டியோடு ராட்சதர்கள். மேலே ஏற வேண்டுமென்றால் எடையைக் குறைக்க வேண்டும், சில ஆட்களை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கலாம். யாரை விடுவது என்பதை நான் கணக்குப் பார்த்து முடிவு செய்கிறேன் என்கிறார் ஸ்பாக். கூட இருப்பவர்களுக்கு ரத்தம் கொதிக்கிறது. இறந்தவரைப் புதைக்க நேரம் வேண்டும் என்று ஒருவர் சண்டை போடுகிறார். கடைசியில் இன்ஜினியர் ஸ்காட் கைத்துப்பாக்கிகளில் இருக்கும் சக்தியை வடித்து எரிபொருளாக மாற்றுகிறார். மேலே ஏறிவிடுகிறார்கள், ஆனால் அந்த எரிபொருள் நெடுநேரம் தாங்காது. அப்போது ஸ்பாக் என்ன செய்கிறார் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

அதில் அட்டைச் சுவரைப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது.

9 ஜூன்

நேற்று எழுதியதற்கு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். எடை, எரிபொருள் என்று நான் ஏன் அடித்துக்கொள்கிறேன் என்று வள்ளியூர் நண்பர் கேட்டிருக்கிறார். அவருக்கே தெரிந்த காரணம்தான்.

எங்கள் பக்கம், பணகுடி காவல்கிணறு வட்டாரத்தில், மேற்கே மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். விகாஸ் இன்ஜினும் கிரையோஜெனிக் இன்ஜினும் ஏற்றி நிறுத்திச் சோதிக்கிற இடம். சோதனை நடக்கும்போது ஊர்க்காரர்களுக்குக் காதில் கேட்பதற்கு முன்னால் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்துவிடும். இத்தனை இரைச்சலும் எதற்கு? எல்விஎம்3 ராக்கெட் கிளம்பும்போது அதன் எடை ஏறக்குறைய 640 டன். அது உயரச் சுற்றுப்பாதைக்கு மாறுவதற்கான இடைப்பாதையில் (ஜிடிஓ) கொண்டு போய் விடுவது 4 டன். மிச்சமெல்லாம் எரிந்து போகிறது, கழன்று விழுகிறது. ஒரு கிலோ கூடினால் அதைத் தூக்க எரிபொருள் கூட வேண்டும், அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள். ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்துக் காப்பாற்றுகிற பாடெல்லாம் இந்தக் கணக்குக்காகத்தான்.

இதன் பக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு, கேப்டன் கையை நீட்டினவுடன் நட்சத்திரங்கள் கோடாகி ஓடுவது பெரிய அதிசயமாகத் தெரியாது. எரிபொருள் தீர்ந்துபோன காட்சிதான் அடிவயிற்றைப் பிடிக்கும். பழைய தொடர்களில் எனக்குப் பிடித்த மணி நேரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இதுதான் இருக்கிறது. ஏதோ ஒன்று போதவில்லை. காற்று, எரிபொருள், தண்ணீர், இடம், நேரம்.

9 ஜூன், மதியம்

ஸ்டார் ட்ரெக்கில் உடலைக் கரைத்து இன்னொரு இடத்தில் சேர்க்கும் அந்த மேடை எப்படி என் கணக்கில் சேரும் என்று கேட்டிருக்கிறார்கள். அது அறிவியலிலிருந்து வந்ததே இல்லை, பட்ஜெட்டிலிருந்து வந்தது. வாரா வாரம் பெரிய கப்பல் தரையிறங்குவதைப் படமெடுக்கக் காசு கிடையாது. நாலு பேர் மினுங்கி மறைவதை எடுக்க முடியும். டாக்டர் மெக்காய் கையில் வைத்திருக்கும் சில கருவிகள், ஒரு கதைக்காக வாங்கிய உப்பு ஜாடிகள்.

ஜெர்மன்காரர்கள் இதே காலத்தில் ஒன்று எடுத்தார்கள், ரௌம்பட்ரூய் ஓரியன். ஸ்டார் ட்ரெக் 1966 செப்டம்பர் 8 என்றால் இது செப்டம்பர் 17. மொத்தம் ஏழே அத்தியாயம். அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் இஸ்திரிப் பெட்டி பொருத்தியிருப்பார்கள், உற்றுப் பார்த்தால் தெரியும். தெரிந்த பிறகும் அந்தக் கப்பல் கடலடியிலிருந்து சுழலுக்கு நடுவே எழும்பும் காட்சி எனக்கு அழகாகத்தான் இருக்கிறது.

12 ஜூன்

அட்டைச் சுவர் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் தென்காசிக்காரர் விடமாட்டேன் என்கிறார். "அன்றைக்கு அதுதான் முடிந்தது என்று சலுகை கொடுக்கலாம், ரசிக்கச் சொல்லாதீர்கள்" என்கிறார்.

சலுகையே வேண்டாம். நம் பக்கத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். ஒரு வில், ஒரு குடம், உடுக்கை, கட்டை. சுடலைமாடன் கயிலாயத்தில் பிறந்து மலையாளம் போய்த் திரும்புகிறான், நடுச்சாமத்தில் ஒருவரும் எழுந்து போவதில்லை. கயிலாயம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பாட்டுக்காரர் குரல் சரியாக இருந்தால் போதும். பழைய ஸ்டார் ட்ரெக் அந்த வகை. மேடையில் பழகிய நடிகர்கள் அதில் உண்டு. பேச்சு விழுந்துவிட்டால் கதை விழுந்துவிடும், அதனால் பேச்சில் உழைத்திருக்கிறார்கள். பிரிட்டன் தொடர்களில் இது இன்னும் அதிகம்.

இப்போது வரும் தொடர்களில் கிரகம் கண்ணைப் பறிக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நான்கு நிமிடம் பேசும் காட்சி வந்தால் பாதியில் வெட்டி வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். என் புகார் அதுதான்.

13 ஜூன்

ஸ்டார் ட்ரெக்கில் சிவப்புச் சட்டை போட்டவன் முதலில் சாவான் என்ற கேலியை எல்லோரும் எழுதுகிறீர்கள். 80களில் எங்கள் பக்கத்தில் அந்தக் கேலி யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. நான் அப்போது டிவி ரிப்பேர் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்த செட்டுகளில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. எல்லாச் சட்டையும் சாம்பல்தான், ஒன்று கொஞ்சம் கறுத்த சாம்பல். யார் சாவார் என்று முன்கூட்டித் தெரியாமல் பார்த்தோம், அது ஒரு லாபம்.

அப்புறம், அந்தத் தொடர் வண்ணத்தை அப்படி அள்ளிப் பூசியதற்கும் காரணம் இருக்கிறது. ஒளிபரப்பியது என்பிசி. என்பிசியின் முதலாளி ஆர்சிஏ. ஆர்சிஏ கலர் டிவி விற்கிற கம்பெனி. சுவரில் ஊதா, கதவில் சிவப்பு என்று கண்ணில் குத்துவது கடை விரித்த மாதிரிதான். கேப்டன் கிர்க்கின் சட்டையோ உண்மையில் எலுமிச்சைப் பச்சை வெல்வெட் வகைத் துணி. அன்றைய ஃபிலிமிலும் விளக்கிலும் அது பொன்னிறமாக விழுந்து, பொன்னிறம் என்றே நிலைத்துவிட்டது.

கடற்கரையோரம் உவரி, திசையன்விளைப் பக்கம் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி இலங்கை ரூபவாஹினி பிடித்த கதையை வேறொரு நாள் எழுதுகிறேன். பூஸ்டர் போட்டாலும் பாதி நேரம் புள்ளி மழை. அதற்குள் முகத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்த கண்ணுக்கு அட்டைச் சுவர் ஒரு குறையே இல்லை. ஆனால் இதை வாதமாக வைக்க மாட்டேன், இது என் கண்ணின் பழக்கம்.

15 ஜூன்

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஸ்பேஸ் 1999 பக்கம் நின்று நீளமாக எழுதியிருக்கிறார். அண்ணாச்சி வயதில் மூத்தவர், தொடரை 35 மி.மீ. அழகுக்காகவே பலமுறை பார்த்தவர். மரியாதையோடு மறுக்கிறேன்.

கதை இதுதான். நிலாவில் கொட்டி வைத்த அணுக்கழிவு 1999 செப்டம்பர் 13 அன்று வெடிக்கிறது. வெடிப்பில் நிலாவே புவியை விட்டுக் கிளம்பிவிடுகிறது, அதன் மேல் ஆல்ஃபா தளத்தில் 311 பேர். நிலாவின் நிறை ஏறக்குறைய 7 லட்சத்து 35 ஆயிரம் கோடி கோடி டன். அதைச் சுற்றுப்பாதையிலிருந்து தள்ளிவிடும் அளவு வெடித்தால் தளமும் மிஞ்சாது, நிலாவும் முழுசாக மிஞ்சாது. சரி, தள்ளிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிக அருகில் இருக்கும் நட்சத்திரத்துக்கு ஒளி போகவே நான்கு வருடத்துக்கு மேல். இவர்கள் வாரம் ஒரு கிரகத்தைத் தாண்டுகிறார்கள். எடைக் கணக்குக்காகப் பழைய தொடர்களைப் பார்க்கிறேன் என்று சொல்கிற நான் இதை எப்படி ஏற்பேன்?

ஈகிள் ஊர்தியில் மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரையன் ஜான்சன் வடிவமைத்தது. நடுவில் பெட்டியைக் கழற்றி மாட்டலாம், குழாய்ச் சட்டம் வெளியே தெரியும், நான்கு கால். வேலைக்கென்று செய்த வண்டி என்று பார்த்தவுடன் தெரிகிறது.

16 ஜூன்

அண்ணாச்சி பதில் போட்டிருக்கிறார்: "கணக்கை விடுங்க தம்பி, பிளாக் சன் பாருங்க." ஏற்கெனவே பார்த்ததுதான், நேற்று ராத்திரி திரும்பவும் பார்த்தேன்.

நிலா கருந்துளைக்குள் போகப் போகிறது. தப்பிக்க வழியில்லை. ஆறு பேரை ஓர் ஈகிளில் ஏற்றி அனுப்பிவிட்டு மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். தளபதி கோனிக்கும் முதிய விஞ்ஞானி பெர்க்மனும் ஆளுக்கொரு கோப்பை பிராந்தியோடு உட்கார்ந்து, இதுவரை நாம் பிழைத்ததற்கு யாராவது காரணமா என்று பேசுகிறார்கள். அவசரமில்லாத குரல். ஓடிச்சாட ஒன்றுமில்லை என்று தெரிந்த இரண்டு பெரிய மனிதர்களின் பேச்சு.

நிலா எப்படிக் கிளம்பியது என்ற கணக்கு எத்தனை தப்பாக இருந்தாலும் அந்த அறைக்குள் கணக்கு சரியாக இருக்கிறது. இத்தனை பேர், இத்தனை இடம், மிச்சம் பேர் இங்கேதான். அண்ணாச்சிக்கு இந்த ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன். இரண்டாம் ஆண்டில் பெர்க்மனைச் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிவிட்டு, உருமாறும் பெண்ணைக் கொண்டு வந்தார்களே, அதைக் கொடுக்க மாட்டேன்.

20 ஜூன்

இத்தனை நாள் எழுதியதற்கெல்லாம் இதுதான் மையம், நிதானமாக எழுதுகிறேன்.

பிளேக்ஸ் செவன், பிபிசி, 1978 முதல் 1981 வரை, 52 அத்தியாயம். உருவாக்கியவர் டெர்ரி நேஷன், பிரிட்டனின் டாக்டர் ஹூ தொடருக்கு டாலெக்குகள் என்ற வில்லன் இனத்தைக் கொடுத்தவர். கொடுங்கோல் கூட்டாட்சியை எதிர்த்து ஒரு சிறு கும்பல், அதில் பாதிப் பேர் திருடர்கள், ஏமாற்றுக்காரர்கள். தலைவன் பிளேக் இரண்டாம் ஆண்டு முடிவில் போய்விடுகிறான், அவன் பெயரிலேயே தொடர் ஓடுகிறது. மிச்சத்தைச் சுமப்பவன் ஏவான். கணினி வித்தகன், யாரையும் நம்பாதவன். கூட ஒரு பூட்டுத் திறப்பான், வீலா. பயந்தாங்கொள்ளி, குடிகாரன், எல்லோருக்கும் பிடித்தவன்.

நான்காம் ஆண்டில் "ஆர்பிட்" என்றொரு அத்தியாயம், 1981 டிசம்பர். எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். ஏவானும் வீலாவும் ஒரு சின்ன ஓடத்தில் கிளம்புகிறார்கள். தப்பும் வேகம் எட்டவில்லை, எடை அதிகம். நாற்காலியைப் பிடுங்கி எறிகிறார்கள், கதவுப் பலகையை எறிகிறார்கள், கிடைத்ததெல்லாம் வெளியே. இன்னும் 70 கிலோ குறைய வேண்டும். எறிய எதுவும் இல்லை. ஏவான் கணினியிடம் கேட்கிறான். கணினி நிதானமாகச் சொல்கிறது: வீலாவின் எடை 73 கிலோ.

ஏவான் துப்பாக்கியை எடுக்கிறான். மெதுவாக, பாசமான குரலில், வீலாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடத்துக்குள் தேடுகிறான். வீலா ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறான். இத்தனை வருடம் கூடவே இருந்தவர்கள்.

காட்சி எடுத்த இடம் அகலமான அலமாரி அளவுதான் இருக்கும். சுவர் அட்டை என்பது நன்றாகத் தெரிகிறது. தென்காசி நண்பரே, அந்த இடத்தில் உங்களுக்கு அட்டை நினைவுக்கு வந்தால் நான் இந்த விவாதத்தை விட்டுவிடுகிறேன்.

ஏவான் கடைசியில் எடைக்கான உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்கிறான். ஒரு சிறு துணுக்கு, நியூட்ரான் விண்மீன் பொருள், அசைக்க முடியாத எடை. அதை மூச்சைப் பிடித்துத் தள்ளி வெளியே விடுகிறான். வீலா பிழைக்கிறான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை மறக்க முடியாது.

21 ஜூன்

"ஏவான் செய்தது கொலை முயற்சி, ஸ்பாக்கோடு ஒப்பிடாதீர்கள்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நான் ஒப்பிடத்தான் செய்கிறேன், ஒப்பிட்டால்தான் இரண்டும் விளங்கும். ஒரே கணக்கு இரண்டு பேர் கையில் வருகிறது. ஸ்பாக் அதைக் கூட இருப்பவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்கிறார், திட்டு வாங்குகிறார், தானும் கூடவே சாகத் தயாராக இருக்கிறார். ஏவான் சொல்லாமல் செய்யப் போகிறான். கணக்கில் எந்த வித்தியாசமும் இல்லை. கணக்கைச் சொன்னவன் எங்கே நிற்கிறான் என்பதில்தான் இருக்கிறது.

1967இல் அமெரிக்கா எழுதியதும் 1981இல் பிரிட்டன் எழுதியதும் என்று இதைக் காலத்தோடு பொருத்தி விளக்கலாம். அந்த விளக்கத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

28 ஜூன்

எங்கள் மதினி ஊரிலிருந்து வந்திருந்தார்கள். நான் ஸ்டார் ட்ரெக்கின் "டெவில் இன் தி டார்க்" போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், 1967 மார்ச். மதினிக்கு இங்கிலீஷ் தெரியாது. முறுக்கு மாவு பிசைந்துகொண்டே பார்த்தார்கள்.

சுரங்கத்தில் ஒரு பிராணி தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. பாறையை அரித்துப் போகும் கல் ஜந்து, கம்பளியை மூடிக்கொண்டு ஒரு ஆள் தவழ்கிறார் என்று தெளிவாகத் தெரியும். அதிகாரி மேஜையில் உருண்டைக் கல் ஒன்று அலங்காரமாக இருக்கிறது, அதே மாதிரி ஆயிரக்கணக்கில் கீழே கிடக்கிறது. ஸ்பாக் அந்த ஜந்துவின் மேல் கை வைத்து வலியில் கத்தும்போது மதினி கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்: "அது முட்டைக்குல்லா அழுது. இவனுவ தெரியாம உடைச்சிட்டானுவ."

அந்த இடத்தில் கிர்க்குக்கே இன்னும் விளங்கியிருக்கவில்லை.

பிறகு நடப்பதுதான் இந்தத் தொடரின் குணம். ஐம்பது ஆட்களை இழந்த சுரங்கக்காரர்கள் பழி வாங்குவதில்லை. டாக்டர் காயத்துக்கு சிமென்ட் பூசி ஆற்றுகிறார். முட்டை பொரிந்து குஞ்சுகள் சுரங்கம் தோண்டும், மனிதர்கள் தாது எடுத்துக்கொள்வார்கள். ஒரே இடத்தில் இருவரும் பிழைக்க ஏற்பாடு.

இதில் எடையும் இல்லை, எரிபொருளும் இல்லை. அப்படியென்றால் என் அளவுகோலை அகலமாக்க வேண்டியிருக்கிறது. விட்டு ஓட முடியாமை என்று வைத்துக்கொள்ளலாமா? ஓடத்தை விட்டு இறங்க முடியாது. சுரங்கத்தை விட்டுத் தாயும் போகாது, தொழிலாளியும் போகமாட்டான். ஆகவே பேசித் தீர்க்க வேண்டும், அல்லது கொல்ல வேண்டும். ஒளியை மிஞ்சும் வார்ப் வேகத்தில் கிளம்பிப் போக முடிகிற கதைகளில் எனக்கு ஏன் பிடிப்பு இல்லை என்பதும் இதில் விளங்குகிறது.

29 ஜூன்

அடுத்து வந்த ஸ்டார் ட்ரெக்கான நெக்ஸ்ட் ஜெனரேஷனின் கேப்டன் பிக்கார்டைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் இல்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷன் 1987 முதல் 1994, 178 அத்தியாயம், அதில் எனக்கு வேண்டியது "தி மெஷர் ஆஃப் எ மேன்". டேட்டா என்ற இயந்திர மனிதன் கப்பற்படையின் சொத்தா, அல்லது ஆளா என்று விசாரணை. ஒரே அறை. அவனுக்கு நெருங்கிய நண்பனே அவனுக்கு எதிராக வாதாட வேண்டிய கட்டாயம், அரைகுறையாக வாதாடினால் வழக்கே தோற்றதாக ஆகிவிடும். பிக்கார்டாக நடிக்கும் பேட்ரிக் ஸ்டூவர்ட் பேச எழும்போது முதுகு தானாக நிமிர்கிறது. முதல் ஆண்டை முழுக்கத் தாண்டிவிட்டுப் பார்க்கலாம், குறை வராது.

5 ஜூலை

பாபிலான் 5, ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த டீப் ஸ்பேஸ் நைன். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்ற பழைய சண்டை இங்கேயும் வந்துவிட்டது. பாபிலான் 5ஐ உருவாக்கிய ஸ்ட்ரஸின்ஸ்கி 1989இல் தன் திட்டத்தை ஸ்டார் ட்ரெக் எடுக்கும் பாரமவுண்டிடம் கொண்டு போனார், அவர்கள் எடுக்கவில்லை. 1993 ஜனவரியில் டீப் ஸ்பேஸ் நைன் வந்தது, பிப்ரவரியில் பாபிலான் 5இன் முன்னோட்டப் படம் வந்தது. இரண்டிலும் கதை நடப்பது நகராமல் நிற்கும் விண்வெளி நிலையத்தில். இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை, சொல்லி ஆகப்போவதும் இல்லை. இரண்டு இருந்ததால் நமக்கு இரட்டை லாபம்.

நிலையம் எங்கும் போகாது. நேற்று சண்டை போட்டவன் முகத்தில் இன்று சாப்பாட்டுக் கடையில் முழிக்க வேண்டும். என் திருத்திய அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

டீப் ஸ்பேஸ் நைனில் "டூயட்", 1993. முதல் ஆண்டுக் கடைசியில் காசு குறைந்த நேரத்தில் எடுத்தது. அடைக்கப்பட்ட ஒரு கார்டாசியன், எதிரே அவன் இனத்தால் சித்திரவதைப்பட்ட பெண் அதிகாரி கீரா. அவன் கைதிகளை வதைத்த முகாமின் தலைவன்தானா, இல்லையா? கம்பிக்கு அப்பாலும் இப்பாலும் இரண்டு பேர், அவ்வளவுதான் அத்தியாயம். வெறுத்தே தீருவேன் என்று உட்கார்ந்த ஒருத்தி வெறுக்க முடியாத இடத்துக்கு வந்து சேர்கிறாள்.

பாபிலான் 5இல் லோண்டோவும் ஜிகாரும். இரண்டு பகை நாட்டுத் தூதர்கள். முதல் ஆண்டில் வாயாடிச் சண்டை, சிரிக்கலாம். பிறகு லோண்டோ தன் நாட்டுப் பழம்பெருமைக்கு ஆசைப்பட்டு இருட்டான கையைப் பிடிக்கிறான், ஜிகாரின் கிரகம் மேல் பாறைகளை எறிந்து தரைமட்டமாக்குகிறார்கள். லோண்டோ கப்பலின் கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், முகத்தில் ஒன்றும் அசைவதில்லை. அதற்குப் பிறகு, மூன்றாம் ஆண்டில், இருவரும் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே தீ. லோண்டோ சேர்ந்து முயன்று தப்பிக்கலாம் என்கிறான். ஜிகார் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறான். லோண்டோவைக் கொன்றால் பதிலுக்குத் தன் மக்கள் 500 பேரைக் கொல்வார்கள், அதனால் கொல்ல முடியாது. ஆனால் சும்மா உட்கார்ந்து அவன் சாவதைப் பார்க்கலாம், தானும் செத்தால் பரவாயில்லை. அந்தச் சிரிப்பை ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ் சிரித்திருப்பதைப் பாருங்கள். முகம் முழுவதும் ரப்பர் முகமூடி, அதையும் மீறி நடிக்கிறார்.

110 அத்தியாயத்தில் 92ஐ ஸ்ட்ரஸின்ஸ்கி ஒருவரே எழுதினார். மூன்றாம், நான்காம் ஆண்டு முழுதும் அவரே. அதனால்தான் முதல் ஆண்டில் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் நான்காம் ஆண்டில் வந்து அடிக்கிறது. அதே காரணத்தால் எல்லோரும் சில நேரம் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள் என்பதும் உண்மை. முதல் தளபதியாக நடித்த மைக்கேல் ஓஹேர் முதல் ஆண்டோடு விலகினார். மனநோயோடு போராடிக்கொண்டு நடித்தார் என்பது அவர் இறந்த பிறகுதான் வெளியே சொல்லப்பட்டது. அது தெரிந்த பிறகு முதல் ஆண்டைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. அவர் நடிப்பு விறைப்பாக இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

6 ஜூலை

விண்வெளியில் சத்தம் கேட்குமா என்ற கேள்விக்கு: கேட்காது, காற்று இல்லை. 2002இல் வந்த ஃபயர்ஃபிளை அதை மதித்துக் கப்பலை ஊமையாக ஓட்டியது. மகேந்திரகிரி இரைச்சல் கேட்டுப் பழகியவனுக்கு அந்த மௌனம் பெரிய அனுபவம். பாபிலான் 5இல் சத்தம் இருக்கிறது, ஆனால் அதன் ஸ்டார்ஃபியூரி விமானங்கள் நியூட்டனை மதிக்கின்றன. நான்கு கை நுனியிலும் இன்ஜின். ஓடும் திசை மாறாமல் மூக்கை மட்டும் பின்னால் திருப்பிச் சுடலாம். நிலையமும் சுழல்கிறது, சுழற்சிதான் ஈர்ப்பு. இவ்வளவையும் தொடக்கத்தில் அமிகா என்ற வீட்டுக் கணினிகளில் வரைந்தார்கள். நான் கடையில் டிவி திறந்து பார்த்த காலத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

12 ஜூலை

இந்தியர்கள் யாரும் இதில் இல்லையா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறார். டாக்டர் ஹூவின் முதல் கதையை, 1963 நவம்பரில் வந்ததை, இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர். தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட், பிபிசியில் அப்போது அந்த இடத்தில் பெண்ணே அபூர்வம். இந்த இருவரையும் நம்பி யாரும் பெரிய பணம் கொடுக்கவில்லை. அந்த முதல் அரை மணி நேரத்தை இன்றும் பார்க்கலாம்.

பார்க்க முடியாதவையும் இருக்கின்றன. பிபிசி டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்தியதில் 60களின் அத்தியாயங்கள் ஏராளமாகப் போய்விட்டன. ஒலி மட்டும் ரசிகர்கள் வீட்டில் பதிவு செய்து வைத்ததால் மிஞ்சியது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. நம் தூர்தர்ஷனில் 80களின் கடைசியில் இந்தியில் ஸ்பேஸ் சிட்டி சிக்மா வந்ததே, அதை நல்ல பிரதியில் எங்கே பார்ப்பது? யாராவது வீட்டில் விஎச்எஸ் கேசட் வைத்திருந்தால் பூசணம் பிடிப்பதற்குள் கொண்டு வாருங்கள். என்னிடம் ஓடுகிற பிளேயர் இருக்கிறது, தலையைச் சுத்தம் செய்து ஓட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.

எதில் எடுத்தார்கள் என்பது எது பிழைக்கும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. முதல் ஸ்டார் ட்ரெக் முழுக்க ஃபிலிமில் முடித்தது, அதனால் இன்றைக்கும் கூர்மையாக எடுக்க முடிகிறது. நெக்ஸ்ட் ஜெனரேஷனை ஃபிலிமில் எடுத்து வீடியோவில் வெட்டி ஒட்டினார்கள். பளிச்சென்று கொண்டு வர ஒவ்வொரு துண்டையும் தேடிப் பிடித்து மறுபடி கோக்க வேண்டியிருந்தது. பிளேக்ஸ் செவனில் அறைக்குள் வீடியோ, வெளியே 16 மி.மீ. ஃபிலிம். கதவைத் திறந்து வெளியே வந்தால் படத்தின் தோலே மாறும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

19 ஜூலை

தென்காசி நண்பர் "கலிலியோ செவன்", "ஆர்பிட்" இரண்டையும் பார்த்துவிட்டார். "ஆர்பிட்" பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறார்: ராத்திரி தூக்கம் வரவில்லையாம். "கலிலியோ செவன்" பரவாயில்லை, ராட்சதர்கள் சகிக்கவில்லை என்கிறார். ராட்சதர்களை நானும் காப்பாற்றப் போவதில்லை.

இப்போது பாபிலான் 5 தொடங்கப் போகிறாராம், எந்தப் பிரதி என்று கேட்கிறார். படம் டிவி போலச் சதுரமாக, 4:3இல் இருக்கும் புதிய பதிப்பைப் பாருங்கள். அகலத் திரைக்கு வெட்டிய பழைய டிவிடி வேண்டாம், கணினிக் காட்சிகள் அதில் மேலும் கீழும் வெட்டுப்பட்டு மங்கிக் கிடக்கும். முதல் ஆண்டைத் தாண்டாதீர்கள், லோண்டோவும் ஜிகாரும் சிரித்துச் சண்டை போடுவதைப் பார்க்காமல் லிஃப்டுக்கு வந்தால் பாதி போய்விடும். முன்னோட்டப் படம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு நடுவில் வந்து திரும்ப எழுதுங்கள். அண்ணாச்சியும் அதே நேரம் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம்.